லிங் லோவுக்குப் பேசியவள்

திரையில் லிங் லோ என்ற பெயரில் வந்தவள் மொத்தம் முப்பத்தொரு படங்களில் நடித்தாள். முதல் இரண்டைத் தவிர மற்ற எல்லாப் படங்களிலும் அவள் வாயைத் திறந்தால் வந்தது என் குரல்தான். என் பெயர் குவான் சாவ் பிங்; பழகியவர்களுக்கு ஆ பிங். எங்கள் தொழிலில் இருந்தவர்களைத் தவிர வேறு யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது.

அந்தக் காலத்தில் ஹாங்காங்கில் படப்பிடிப்பின்போது பேச்சைப் பதிவு செய்யமாட்டார்கள். கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்துத் தளத்தில் தச்சர்கள் ஆணி அடித்துக்கொண்டிருப்பார்கள். படம் முடிந்த பிறகு மொத்தப் பேச்சும் எங்களிடம் வரும். மோங் கோக்கில் மூலிகைக் கஷாயக் கடை ஒன்றுக்கு மேலே மூன்றாவது மாடியில் எங்கள் டப்பிங் அறை. சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெங்கும் பழைய மெத்தைகளை ஆணியடித்து வைத்திருந்தார்கள். மைக் ஒன்றுதான். நாலைந்து பேர் அதைச் சுற்றி நெருக்கியடித்து நிற்போம். ஒருவர் தடுமாறினால் எல்லோரும் முதலிலிருந்து பேச வேண்டும். எங்கள் குழுவுக்குக் கோ அண்ணன் தலைவர். தடுமாறியவரைத் திட்டமாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். அதற்கே எங்களுக்கு உதறும்.

எனக்கு அந்த வேலை அவசியமாக இருந்தது. என் கணவர் அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு அஸ்திவாரக் குழி தோண்டுகிறவர். பாறைத் தூசி நுரையீரலில் இறங்கி, முப்பத்தாறு வயதிலேயே மாடிப்படி ஏற முடியாதவராகிவிட்டார். இரண்டு பெண் குழந்தைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள்.

எழுபத்தேழாம் ஆண்டு அக்டோபரில் ஒரு மத்தியானம், முட்டைப் பணியாரப் பெட்டி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெண் எங்கள் அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இங்க லிங் லோவுக்கு யாரு பேசுறாங்க?"

பேச்சில் வெளியூர் வாடை பலமாக வீசியது. கோ அண்ணன் திரும்பிப் பார்த்து, "நீ யாரும்மா?" என்றார்.

"நான்தான் லிங் லோ."

எங்களில் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. அந்த வாரம் முழுவதும் அவள் முகத்தைச் சுவரளவுக்குப் பெரிதாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். ஆனாலும் அந்தப் பேச்சு அந்த முகத்தோடு ஒட்டவில்லை. வில்லன்களுக்குப் பேசும் ஆ ஃபை சும்மா இருக்கமாட்டான்.

"நீ லிங் லோவா? லிங் லோ எங்க பிங் மாதிரில்ல பேசுவா! நீ யாரோ ஏமாத்துக்காரி. பணியாரத்த வச்சிட்டு ஓடு!"

எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். பிறகு நேராக என்னிடம் வந்து பெட்டியை இரு கைகளாலும் நீட்டினாள்.

"அக்கா, நேத்து என் படத்தக் காசு குடுத்துப் பாத்தேன். நான் நல்லாத்தான் அழுதிருக்கேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். உங்க அழுகையக் கேட்ட பிறகுதான் எனக்கே அழுகை வந்துச்சு. அதச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

நட்சத்திரங்கள் எங்கள் படியேறி வருவதில்லை. பலருக்கு எங்களை நினைத்தாலே பிடிக்காது. இவள் வந்து, எங்களோடு உட்கார்ந்து, தான் கொண்டுவந்த பணியாரத்தில் இரண்டைத் தானே தின்றுவிட்டுப் போனாள்.

அவளுடைய சொந்தப் பெயர் மீயிங். ஊர், மலேசியாவின் சரவாக்கில் ராஜாங் ஆற்றங்கரையில் இருக்கும் சிபு. அப்பாவுக்கு அங்கே மிளகுத் தோட்டம். வீட்டில் பேசுவது ஃபூசோவ் பேச்சு. எங்கள் கன்டனீஸ் அவளுக்கு ஹாங்காங் வந்த பிறகு காதால் கேட்டுப் பழகியதுதான். பதினெட்டு வயதில் சித்தியோடு கப்பலேறி வந்து, குவுன் டோங்கில் ஒரு டோப்பா தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். சரித்திரப் படம் ஒன்றுக்காகக் கொண்டைகள் வாங்க வந்த ஓர் உதவி இயக்குநர், தைத்து முடித்த கொண்டையைத் தலையில் வைத்துக் கண்ணாடியில் அழகு பார்த்துக்கொண்டிருந்த இவளைப் பார்த்திருக்கிறார். கொண்டைகளோடு இவளையும் அழைத்துப் போய்விட்டார்.

அடுத்த முறை வந்தபோது அவள் ஒன்று சொன்னாள்.

"தளத்துல என்னைய எண்ணச் சொல்றாங்கக்கா. 'நீ என்ன பேசினாலும் வேற ஆளுதான் பேசப்போறாங்க. ஒண்ணுலருந்து பத்து வரைக்கும் எண்ணு, மூஞ்சிய மட்டும் சோகமா வச்சுக்க'ன்னு சொல்றாங்க."

"நீ எண்ணலியே. உன் உதட்டப் பாத்தா வசனம் அப்படியே இருக்கே."

"எண்ணிக்கிட்டே எப்படிக்கா அழறது?"

உண்மைதான். பல நடிகைகளுக்குப் பேசியிருக்கிறேன். அவர்கள் உதடு நாலு என்று அசைகிற இடத்தில் 'என்னை விட்டுப் போகாதே' என்பதைத் திணிக்க வேண்டும். மீயிங் எல்லா வசனத்தையும் மனப்பாடம் செய்து, ஒரு சொல் விடாமல் பேசியிருப்பாள். மூச்சு எங்கே வாங்குகிறாள், எங்கே எச்சில் விழுங்குகிறாள் என்பதெல்லாம் எனக்குப் பாடமாகிவிட்டது. அவளுக்குப் பேசுவது எனக்குச் சுலபமாக இருந்தது. அந்தச் சுலபத்துக்காகவே தயாரிப்பாளர்கள் எங்கள் இருவரையும் சேர்த்தே கணக்கில் வைத்தார்கள். அவளுக்கு ஒரு படம் வந்தால் எனக்கும் ஒரு படம் வந்த மாதிரி.

ஒருநாள் அவள் அம்மாவிடமிருந்து வந்த கடிதத்தை என்னிடம் படித்துக் காட்டினாள். சிபுவில் அவளுடைய படம் ஓடியிருக்கிறது. அங்கே போகும் படங்களுக்கு மாண்டரினில் வேறொருத்தி பேசுவாள். 'ஊரே உன்னைப் பார்க்க வந்தது. நீ ஏன் யாரோ பெரிய இடத்து மருமகள் மாதிரி பேசுகிறாய்? உனக்கு உடம்பு சரியில்லையா?' என்று அம்மா ஆள் வைத்து எழுதச் சொல்லியிருந்தாள்.

"இந்த ஊருல நீங்க. அங்க இன்னொருத்தங்க. எங்கம்மாவுக்குக்கூட என் குரல் கேக்கலக்கா." கடிதத்தை நாலாக மடித்தாள். "எனக்கு ஒரு படத்துலயாவது நானே பேசணும். எனக்குச் சொல்லிக் குடுக்கறீங்களா?"

சரி என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் குடியிருப்புக்குக் கீழே இருந்த தேநீர்க் கடையில் சந்தித்தோம். அவள் செய்தித்தாளை உரக்கப் படிப்பாள், நான் திருத்துவேன். பக்கத்து மேசைக்காரர்கள் முறைப்பார்கள். அவளுக்கு நல்ல காது. முதல் வருடம் முடிவதற்குள் மீன்காரிகளோடு பேரம் பேசவும், டாக்ஸிக்காரர்களைத் திட்டவும் கற்றுக்கொண்டாள். எழுபத்தொன்பதாம் ஆண்டு இறுதியில், கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அவள் இந்த ஊர்ப் பெண் இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. எப்போதாவது ஒரு சொல்லின் கடைசியில் மட்டும் ஒரு சின்னத் தடை விழும். அதுகூடக் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

"இப்ப எப்படிக்கா இருக்கு?" என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்பாள்.

"முன்னைக்கு இப்ப தேவல. ஆனா இன்னும் வரல" என்று நான் சொல்வேன்.

இரண்டு வருடங்கள் அப்படியே சொன்னேன்.

எண்பதாம் ஆண்டு, பெரிய இயக்குநர் ஒருவர் டப்பிங் அறைக்கு வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவருடைய அடுத்த படத்தில் கதாநாயகி ஒரு பள்ளி ஆசிரியை. நடிப்பவளே பேச வேண்டும் என்று அவருக்கு ஆசை.

"லிங் லோவப் போடலாமான்னு பாக்குறேன். அவ சொந்தமாப் பேசினா எப்படி இருக்கும், ஆ பிங்? உனக்குத்தான் தெரியும்."

அந்த வாரம் என் கணவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவள் தன் வாயால் ஒருமுறை பேசிவிட்டால் பிறகு யார் என்னைக் கூப்பிடுவார்கள் என்ற நினைப்புத்தான் எனக்கு முதலில் வந்தது.

"இன்னும் ஒரு வருஷம் போகட்டும் சார். இப்ப பேசினா தியேட்டர்ல சிரிச்சுடுவாங்க" என்றேன்.

அவர் என் பேச்சை நம்பினார். அந்தப் படம் வேறொருத்திக்குப் போனது. அது பெரிய படமாகவும் ஆனது. மீயிங் அதை மூன்று முறை பார்த்துவிட்டு வந்து, "என்ன அழகாப் பேசியிருக்காங்க இல்லக்கா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தேன்.

எண்பத்திரண்டில் ஃபோங் என்ற இளம் இயக்குநர் வந்தார். அதற்கு முன் தொலைக்காட்சியில் இருந்தவர். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தெருவில் மீயிங் ஒரு பழக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்ததைத் தற்செயலாகக் கேட்டிருக்கிறார். அங்கேயே முடிவு செய்துவிட்டாராம். கடலுக்குப் போய்த் திரும்பாத கணவனைத் தேடிக்கொண்டு துறைமுகம் துறைமுகமாக அலையும் ஒரு படகுக்காரியின் கதை அது.

அந்தப் படத்துக்கு அவள்தான் எங்கள் அறைக்கு வந்து மைக் முன்னால் நின்றாள். நான் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கேட்டிருந்தாள். நின்றேன். முதல் நாள் காலையில் கொஞ்சம் தடுமாறினாள். கோ அண்ணன் கண்ணாடியைத் துடைக்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் அவள் உடம்பின் இறுக்கம் போனது, குரலின் இறுக்கமும் போனது. கரை ஒதுங்கிய உடல் தன் கணவனுடையது இல்லை என்று தெரிந்ததும் அந்தப் படகுக்காரி போலீஸ்காரனிடம், "அப்ப நான் அடுத்த ஊருக்குப் போகணும். பஸ் எங்க நிக்கும்?" என்று கேட்பாள். அதை மீயிங் அழாமல், வெறுமனே வழி கேட்கிறவள் போலச் சொன்னாள். நானாக இருந்தால் அழுதிருப்பேன். அழுதுதான் பேச வேண்டும் என்று நினைத்திருப்பேன்.

பிறகு ஆ ஃபை, "ஆ பிங், நீ வேற வேல பாத்துக்கணும் போலிருக்கே!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மீயிங் வெட்கத்தோடு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

படம் வெளிவருவதற்கு ஆறு நாட்கள் முன்னால், சனிக்கிழமை, ஒரு தியேட்டரில் சோதனைக்காகப் போட்டுப் பார்த்தார்கள். மீயிங் வேறு படப்பிடிப்புக்காக மக்காவ் போயிருந்தாள். நான் போயிருந்தேன், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவள் திரையில் முதல் வசனம் பேசியதும் முன்வரிசையில் ஒருவன் கத்தினான்.

"டேய், யாருடா இது? லிங் லோ குரல் எங்கடா?"

இன்னொருவன், "எவளோ சாவு வீட்டுக்காரியப் பேச வச்சுட்டானுங்க! சில்லறை மிச்சம் பிடிக்கிறானுங்கடா!" என்றான்.

பிறகு அவள் வாயைத் திறந்தபோதெல்லாம் சீட்டி. அவளுடைய பேச்சில் தப்புக் கண்டுபிடித்தவர் ஒருவர்கூட இல்லை. அது அவளுடைய குரல் இல்லை என்பதுதான் அவர்கள் கோபம். ஐந்து வருடங்களாக அவர்கள் காதுக்கு லிங் லோ நான்தான்.

திங்கட்கிழமை காலையில் தயாரிப்பாளர் சியூ எனக்குப் போன் செய்தார்.

"ஆ பிங், ரெண்டு நாள்ல முடிக்கணும். வெள்ளிக்கிழமை படம் தியேட்டர்ல இருக்கணும். ஃபோங் ஒத்துக்கமாட்டேன்னு குதிக்கிறான், அத நான் பாத்துக்கறேன். அந்தப் பொண்ணுகிட்ட இப்ப எதுவும் சொல்லிக்காத. அழுது ரகள பண்ணுவா."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் வேறு யாரையாவது கூப்பிட்டிருப்பார் என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். என் குரல்தான் அவருக்கு வேண்டியிருந்தது. நான் மறுத்திருந்தால் அந்தப் படம் அவள் குரலோடுதான் வந்திருக்கும்.

செவ்வாயும் புதனும் பேசினேன். அந்தப் பஸ் வசனத்தை அவள் சொன்ன மாதிரியே சொல்லப் பார்த்தேன். வரவில்லை. கோ அண்ணன் கண்ணாடியைத் துடைத்தார். கடைசியில் என் வழக்கப்படி அழுதே சொன்னேன். அவள் பேசிய நாடாவை அழித்து, அதன்மேல் வேறு படத்தின் சண்டைச் சத்தங்களைப் பதிவு செய்துவிட்டார்கள். அப்போதெல்லாம் நாடாவை வீணாக்கமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை முதல் காட்சிக்கு நான் போகவில்லை. சனிக்கிழமை பதினோரு மணிக்கு மீயிங் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஷெக் கிப் மேய் குடியிருப்பில் எங்களுக்கு ஒரே அறை. திரைச்சீலைக்குப் பின்னால் என் கணவர் இருமிக்கொண்டிருந்தார். அவள் உட்காரவில்லை.

"எப்ப பேசினீங்க?"

"செவ்வா, புதன்."

"புதனா?" அவள் யோசித்தாள். "புதன்கிழமை காலைல, நான் மக்காவ்லருந்து திரும்பின கையோட, நாம ரெண்டு பேரும் கஞ்சி குடிச்சமே."

"ஆமா."

"எங்கம்மாவுக்குக் கடுதாசி போட்டுட்டேன், இந்தப் படத்துல நானே பேசுறேன், சிபுவுக்கு அந்தப் பிரதியையே அனுப்பச் சொல்றேன்னு உங்ககிட்ட சொன்னேன். நீங்க வறுத்த மாவுக் குச்சிய எனக்குப் பிச்சுப் போட்டீங்க."

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அன்னைக்கு அப்பவே சொல்லியிருக்கலாமேக்கா. பேசுங்க, வேணாங்கல. சோறு வேணும், எனக்குத் தெரியாதா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் மொத நாள் காட்சிக்கு என் சித்தியக் கூட்டிட்டுப் போயிருக்கமாட்டேன். அவங்க என் பக்கத்துல உக்காந்து, 'இதுதான் உன் குரலா? நல்லா மாறிப்போச்சே'ன்னு கேட்டாங்க."

அவள் திரைச்சீலைப் பக்கம் திரும்பி, "அண்ணே, உடம்பப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். என் கணவர் உள்ளேயிருந்து, "நல்ல பொண்ணு. கஷாயம் ஏதாவது குடுத்தியா?" என்று கேட்டார்.

அந்தப் படம் பத்து நாள் ஓடியது. அதற்குப் பிறகு அவள் சினிமாவில் நடிக்க ஒப்புக்கொள்ளவில்லை. சியூவோடு இருந்த ஒப்பந்தத்தை முறித்ததால் வேறு தயாரிப்பாளர்களும் ஒதுங்கிக்கொண்டார்கள்.

எண்பத்துநாலில் தொலைக்காட்சிக்குப் போனாள். அங்கே பேச்சை அப்போதே பதிவு செய்வார்கள். யார் நடிக்கிறார்களோ அவர்களே பேச வேண்டும். ஒரு நீண்ட தொடரில் பெரிய குடும்பம் ஒன்றின் சமையல்காரி வேடம் கொடுத்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் அந்தத் தொடர் வரும். என் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டே பார்ப்பேன். அவளுக்கு ஒரு நாளைக்கு மூன்று, நான்கு வசனங்கள்தான் இருக்கும். 'மீன் ஆறிப்போகுது', 'சின்னம்மா அழுதுட்டு இருக்காங்க', இந்த மாதிரி. அதையும் நன்றாகச் சொன்னாள். என் கணவர் ஒருநாள் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே, "இந்தச் சமையல்காரிதான் நெசமாவே அந்த வீட்டுல இருக்கிறவ மாதிரி இருக்கா. மத்தவங்கெல்லாம் விருந்தாளி மாதிரி இருக்காங்க" என்றார். அவர் அவளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. நானும் சொல்லவில்லை.

பழைய ரசிகர்கள் அவளை விடவில்லை. 'லிங் லோவுக்குத் தொண்டையில் நோயா?' என்று ஒரு வாரப் பத்திரிகை எழுதியது. இனிமையான குரல் போய்விட்டதே என்று நிலையத்துக்குக் கடிதங்கள் வந்தனவாம். பதினெட்டாம் பாகத்தில் சமையல்காரி சொந்த ஊருக்குக் கப்பல் ஏறினாள். பிறகு அவளுக்குச் சின்னச் சின்ன வேடங்களே கிடைத்தன. சீட்டாடும் பக்கத்து வீட்டுக்காரி, குழந்தையைத் தொலைத்தவள், நர்ஸ். போகப் போக அவளுடைய பெயரும் பட்டியலிலிருந்து போய்விட்டது.

என் காலமும் முடிந்துகொண்டிருந்தது. சினிமாவிலும் நடிப்பவர்களையே பேசவைக்க ஆரம்பித்தார்கள். கோ அண்ணன் கனடாவில் இருக்கும் மகனிடம் போய்விட்டார். எண்பத்தெட்டில் என் கணவர் இறந்தார். மோங் கோக் அறையை மூடி அதைக் காலணிக் கிடங்காக்கினார்கள். நான் ஜப்பானியத் தொடர்களுக்குப் பேசிப் பிழைத்தேன்.

தொண்ணூற்றைந்தில் அப்படி ஒரு தொடருக்காகத் தொலைக்காட்சி நிலையத்துக்குப் போயிருந்தபோது, கேன்டீனில் அவளைப் பார்த்தேன். கிராமத்துப் பெண் வேடத்தில், கிழிந்த சட்டை போட்டுக்கொண்டு, கழுத்தில் சிவப்புச் சாயம் பூசி, கூட்டத்தில் நிற்கும் ஆட்களோடு உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தாள். முப்பத்தெட்டு வயது இருக்கும். ஐம்பது போலத் தெரிந்தாள். என்னைப் பார்த்ததும் அவளே கை காட்டிக் கூப்பிட்டாள்.

"பிங் அக்கா! வாங்க, உக்காருங்க. சாப்டீங்களா?"

"நீ என்ன வேஷம்?"

"பொணம்." சிரித்தாள். "கொள்ளக்காரங்க ஊரக் கொளுத்திட்டாங்க. எட்டு பொணம். எனக்கு ஆத்தங்கரையில எடம். இதுல ஒரு வசதிக்கா, வசனம் மனப்பாடம் பண்ண வேணாம்."

என் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டாள். கணவர் இறந்ததைச் சொன்னதும் சாப்பிடுவதை நிறுத்தினாள். அவளுக்குக் கல்யாணம் நடக்கவில்லை. ஒருவர் இருந்தார், ஆஸ்திரேலியா போய்விட்டார் என்றாள். அவள் என்னிடம் கோபம் எதுவும் காட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பதினைந்து வருடங்களாக உள்ளே கிடந்ததைக் கொட்டிவிட்டேன்.

"மீயிங், ஒண்ணு சொல்லணும். அந்த ஞாயித்துக்கிழமைங்கள்ல உன் பேச்சு இன்னும் வரலன்னு சொல்லிக்கிட்டே இருந்தேனே. அது பொய். எழுபத்தொம்பதுலயே உனக்கு நல்லா வந்துருச்சு. அந்த டீச்சர் படத்துக்கு உன்னத்தான் கேட்டாங்க. என்கிட்ட வந்து கேட்டாங்க. நான்தான் வேணாம்னு சொன்னேன்."

அவள் குச்சிகளைக் கிண்ணத்தின்மேல் வைத்தாள். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்த வேண்டும் என்றுகூட விரும்பினேன்.

"இத ஏன் இப்ப சொல்றீங்க?"

"மனசு கேக்கல."

"உங்க மனசு கேக்கலன்னு..." கழுத்துச் சாயம் ஈரமாக இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தாள். "எனக்குப் பேச வராது, அதான் இப்படி ஆச்சு. இத்தன வருஷமா அப்படி நெனச்சுத்தான் நான் இருந்தேன். ஊருல பொறந்த பேச்ச மாத்த முடியுமா, அது யாரு குத்தமும் இல்ல. அப்படித்தான் தூங்கினேன். இப்ப நல்லாத்தான் பேசினேன்னு சொல்றீங்க. இனி என்னத்த நெனச்சுக்கிட்டுத் தூங்குறது?"

வாசலில் ஒரு உதவியாளன் வந்து கத்தினான்: "பொணமெல்லாம் வாங்க! ஆத்தங்கரப் பொணம் முன்னால வாங்க!"

அவள் மிச்சச் சோற்றை அவசரமாக வாயில் போட்டுக்கொண்டு எழுந்தாள். "டீ ஆறுது, குடிங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் நாலு மணி வரைக்கும் கேன்டீனிலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் வேறு வாசல் வழியாகப் போய்விட்டாள் என்று உடைகளைக் கவனிக்கும் மேய் அம்மாள் பிறகு சொன்னாள்.

மறுவருடம் வசந்தத்தில் அவள் சிபுவுக்கே திரும்பிவிட்டாள். மேய் அம்மாளிடம் முகவரி வாங்கி இரண்டு கடிதங்கள் போட்டேன். பதில் வரவில்லை. மூன்றாவது கடிதத்தை எழுதி, தபாலில் சேர்க்காமல் கிழித்துவிட்டேன். என் மனதை ஆற்றிக்கொள்ள அவளை எத்தனை முறை தொந்தரவு செய்வது?

இரண்டாயிரத்து நாலில் ஒருநாள் எனக்குத் தொலைபேசி வந்தது. பேசியவர் அவளுடைய தம்பி. அவருடைய பேச்சு, முதல் நாள் பணியாரப் பெட்டியோடு வந்து நின்ற அவள் பேச்சுபோலவே இருந்தது. அக்கா நான்கு மாதங்களுக்கு முன் ஈரல் நோயில் இறந்துவிட்டதாகச் சொன்னார். அவளுடைய பெட்டியில் என் கடிதங்கள் இருந்தனவாம், அதில்தான் என் எண்ணைப் பார்த்தாராம்.

"பிரிச்சிருந்துச்சா?" என்று கேட்டேன்.

"பிரிச்சுத்தான் இருந்துச்சு. அக்கா இங்க வந்ததுக்கு அப்புறம் ஜாஸ்தி பேசறதில்லீங்க. மிளகுத் தோட்டத்தப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. அம்மாகிட்ட மட்டும் பேசுவாங்க." கொஞ்சம் தயங்கினார். "ஒரு உதவி வேணும். கல்லறைக்கல்லுல படம் பதிக்கணும். எங்ககிட்ட இருக்கிறதெல்லாம் சினிமாப் படம். நெத்தியில ரத்தம், தலையில கிரீடம். அதையெல்லாம் வைக்கக் கூடாதுன்னு அம்மா சொல்றாங்க. 'என் மகள் மாதிரி ஒரு படம் வை'ன்னு கேக்கறாங்க. உங்ககிட்ட ஏதாவது இருக்குமா?"

இருக்கும், அனுப்புகிறேன் என்றேன். வீடெல்லாம் தேடினேன். ஒன்றுகூட இல்லை. நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு படம்கூட எடுத்துக்கொண்டதில்லை. ஃபோங்கிடம் கேட்டேன், அவரிடம் படப்பிடிப்பில் எடுத்தவை மட்டும் இருந்தன. அவளுடைய சித்தி எப்போதோ இறந்திருந்தாள். ஒரு வாரம் அலைந்து, கடைசியில் மேய் அம்மாள் வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவிலிருந்து ஒரு படம் கிடைத்தது. உடைப் பிரிவு ஆட்களின் புத்தாண்டுச் சாப்பாடு. பதினைந்து பேர் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஓரத்தில் மீயிங், சாதாரணப் பூப்போட்ட சட்டையில், யார் படம் எடுக்கிறார்கள் என்றே தெரியாமல் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தின்றுகொண்டிருக்கிறாள். கன்னம் ஒரு பக்கம் உப்பியிருக்கிறது.

கல்லறைக்கு வைக்கிற படமா இது என்று நாங்கள் இருவரும் யோசித்தோம். வேறு வழி இல்லை. ஸ்டூடியோவில் கொடுத்து மற்றவர்களை வெட்டி, அவள் முகத்தை மட்டும் பெரிதாக்கி அனுப்பினேன்.

ஒரு மாதம் கழித்துத் தம்பியிடமிருந்து இரண்டு வரி வந்தது. படம் கிடைத்தது, பதித்துவிட்டோம். அம்மா பார்த்துவிட்டு, இதுதான் என் பிள்ளை, நல்லாச் சாப்பிடுகிறாள் என்று சொன்னார்கள்.